பொய் ஸ்கேலும் பன்னிரண்டு வளையங்களும்

பீங்கானைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே உண்மை, என் கையிலிருந்து விழுந்தால் அது உடையும் என்பது. கல்யாணமான இருபத்திரண்டு வருடங்களில் இதைப் பலமுறை சோதித்து உறுதி செய்திருக்கிறேன். இந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, பீங்கான் வகைகளையும் அவற்றின் குணங்களையும் விளக்கும் கையேடு எழுத நான் ஒரகடத்துக்குப் புறப்பட்டது 2004ஆம் வருடம் ஆடி மாதம், ஒரு புதன்கிழமை.

அழைத்தவன் என் மனைவியின் தம்பி பாஸ்கர். ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் பீங்கான் பட்டறை நடத்துகிறான். கப்பும் சாசரும் அல்ல. தொழிற்சாலை உலைகளுக்குள் போய் உட்காரும் வெள்ளை வளையங்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனி மாதிரிக்குப் பத்து வளையம் கேட்டிருந்தது. அன்று மாலை நான்கு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பரிசோதனையில் தேறினால் மாதாமாதம் ஆர்டர். தேறாவிட்டால் உலையைப் பிடுங்கிவிட்டு, கொட்டகை முழுக்க இரண்டடுக்கு இரும்புக் கட்டில்களைப் போட்டு, தெற்கேயிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குப் படுக்கை வாடகைக்கு விடுவது என்று பாஸ்கர் தீர்மானித்திருந்தான்.

"கட்டில் கடைக்காரன்கிட்ட சொல்லி வச்சுட்டேன் மாமா. வளையத்துக்கு ஆள் தேடணும். கட்டிலுக்கு ஆள் தானா வரும்" என்றான் போனில்.

கையேடு முதல் ஏற்பாட்டுக்கு. இரண்டாவது ஏற்பாட்டுக்கு ஒரு போர்டு போதும். அதையும் என்னைத்தான் எழுதச் சொல்வான்.

காலை 7.10, தாம்பரம் மேற்கு. படப்பை வரை பஸ் டிக்கெட் ஐந்து ரூபாய் ஐம்பது பைசா. ஏறும்போதே களைப்பு. முந்தைய நாள் நூலகத்தில் மூன்று தடித்த புத்தகங்களைப் புரட்டி, பதினாறு பக்கம் குறிப்பெடுத்து, ஒரு நாடா வைத்த ஃபைலில் கட்டி வைத்திருந்தேன். முடிச்சூர், மண்ணிவாக்கம் என்று பஸ் ஒவ்வோர் இடத்திலும் நின்று மூச்சு வாங்கியது. மணிமங்கலம் போக வேண்டிய ஒருவர் தவறான பஸ்ஸில் ஏறிவிட்டு, கண்டக்டரிடம் கோபித்துக்கொண்டு, கடைசியில் என்னிடமும் கோபித்துக்கொண்டு இறங்கினார். வழியெல்லாம் வயலில் வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். இந்த வட்டாரத்தில் அந்த வருடம் நன்றாக விளைந்தது அதுதான்.

8.20, படப்பை. இங்கிருந்து ஒரகடம் சுமார் பத்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் எட்டு ரூபாய். ஆறு பேருக்கான வண்டியில் நான் பதினோராவது. மற்ற பத்துப் பேரும் முதல் ஷிப்டுக்குத் தாமதமானவர்கள். அதனால் பேச்சே இல்லை. டிரைவர் மட்டும் கண்ணாடியில் என்னை அளந்துகொண்டே வந்தார்.

"இன்னா சார், ப்ளாட் பாக்கவா?"

"இல்லைங்க. பீங்கான் பட்டறைக்கு."

"சர்தான். எல்லாரும் மொதல்ல அப்டித்தான் சொல்றாங்க. என் மச்சாங்கிட்ட கெய்க்கு பாத்த ப்ளாட் ஒண்ணு கீது. எறங்கி பாருங்க. பாத்தா காசா?"

ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. பதினொரு பேரும் ஒரே உடலாக எழுந்து உட்கார்ந்தோம். என் ஃபைலின் நாடா அறுந்தது. பதினாறு பக்கத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு மீதி ஆறு கிலோமீட்டரைக் கடந்தேன். இந்த நாடாவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று நடந்த அத்தனைக்கும் இதுதான் ஆரம்பம்.

9.05, பட்டறை. நீளமான கொட்டகை. ஒரு மூலையில் ஆள் உயரத்துக்கு உலை. அதன் கதவு இன்னும் மூடியிருந்தது. எதிர் மூலையில் மேஜை, சுழலும் நாற்காலி, சுழலாத ஃபேன். பாஸ்கர் நகத்தைக் கடித்துக்கொண்டு உலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பட்டறையை நடத்துகிறவன் அவன். ஆனால் வேலை தெரிந்தவர் தனலட்சுமி என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். பிள்ளைப்பாக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். இதற்கு முன் ஒன்பது வருடம் வேறொரு பட்டறையில் இருந்தவர். பாஸ்கர் அவரைத் தனக்கா என்கிறான். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"உலையை எப்போது திறப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"அது சொல்லும் சார். திங்கக்கெய்ம காலைல அணைச்சோம். இன்னும் உள்ள சூடு கீது. அவசரப்பட்டா பட்டுனு வுட்ரும். போன தபா ஒருத்தரு பெடஸ்டல் ஃபேனைக் கொண்டாந்து வச்சு ஆத்துனாரு. முப்பது பீஸு. அல்லாம் வெடிச்சிச்சி."

"யார் அந்த அறிவாளி?"

தனக்கா பாஸ்கரைப் பார்த்தார். பாஸ்கர் சுழலாத ஃபேனைப் பார்த்தான்.

காத்திருந்த நேரத்தில் என் குறிப்புகளை உரக்கப் படித்துக் காட்டினேன். மண்பாண்டம் நுண்துளைகள் உடையது, குறைந்த வெப்பத்தில் சுடப்படுவது, நீரை உறிஞ்சுவது என்று தொடங்கி இரண்டு வரிதான் போயிருப்பேன்.

"நாக்க நீட்டுங்க சார்" என்றார் தனக்கா.

நீட்டினேன். இந்த வயதில் டாக்டர் தவிர யார் சொன்னாலும் நீட்டியதில்லை, குரல் அப்படி. உடைந்த மண்சட்டி ஓடு ஒன்றை நாக்கில் வைத்து அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது நாக்கும் கொஞ்சம் கூடவே வந்தது.

"இதான் நீங்க எய்தியிருக்கிற நுண்துளை. ஈரத்த இஸ்துக்கும். அதான் பானைத் தண்ணி ஜில்லுனு கீது. இத்த பாருங்க."

அடுத்தது ஊறுகாய் ஜாடித் துண்டு. ஒட்டவில்லை, வழுக்கியது. அதிக சூட்டில் வெந்து கல்லாகிவிட்ட களிமண். உப்பும் புளிப்பும் வருடக்கணக்கில் உட்கார்ந்தாலும் உள்ளே இறங்காது. மூன்றாவது, மின்கம்பத்து வெள்ளைக் குமிழின் உடைசல். அசல் பீங்கான். மின்சாரம் அதைத் தாண்டாது. மெல்லியதாகச் செய்தால் வெளிச்சம் மட்டும் தாண்டும். நான்காவது, உலைக்குள் அடுக்கும் தீச்செங்கல். நாக்கில் மண்சட்டி ஓடு போலவே ஒட்டியது. ஆனால் எவ்வளவு சூட்டிலும் உருகாது. ஐந்தாவதாக அவர் எடுத்துக் கொடுத்த, முன்பு சுட்ட வெள்ளை வளையம் பார்ப்பதற்குச் சாதுவாக இருந்தது.

"இது அலுமினா. மண்ணே இல்ல, பவுடரு. ஆயிரத்தி அறநூறு டிகிரி கேக்கும். கண்ணாடிய கீறும், இரும்ப கீறும். மேல ஆளு ஏறி நின்னாலும் தாங்கும். ஆனா வளைக்க மட்டும் வளைக்க முடியாது. கொஞ்சம் வளைஞ்சு குடுன்னு கேட்டா ரெண்டா பூடும்."

எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு மேனேஜர் இருந்தார் என்றேன். "அவர இன்னா டிகிரில சுட்டாங்க?" என்று கேட்டார் தனக்கா.

நூலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சேர்த்ததை என் நாக்கு கால்மணி நேரத்தில் முடித்துவிட்டது. ஒரே வித்தியாசம், புத்தகம் படித்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டியதில்லை.

கட்டில் ஏற்பாட்டைப் பற்றி அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தெரியும் சார். எனக்கும் வேலை போட்டுத் தர்றேன்னு தம்பி சொல்லிக்கீறாரு. ரூம்ப பெருக்கி, பசங்களுக்கு கொயம்பு வச்சிக்கினு இருக்கலாமாம்." குரலில் கோபம் இல்லை. வளையத்தை விரலால் சுண்டினார். கோயில் மணியின் தங்கை போல ஒரு சத்தம். "கொயம்பு யாரு வேணா வெப்பாங்க."

11.30. உலை திறந்தது. பன்னிரண்டு வளையங்கள். கேட்டது பத்து, போகிற வழியில் உடைகிறதுக்கு இரண்டு சேர்த்துச் சுட்டிருந்தார்கள். இந்த முறை பவுடர் வேறு கடையிலிருந்து வாங்கியது. அது எவ்வளவு சுருங்கும் என்பது கடைக்காரர் வாய்வார்த்தைதான். அதனால் பாஸ்கர் கதவு திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டான். தனக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்தார்.

"ஒரு மணிக்கு வூட்டாண்ட பஞ்சாயத்துத் தண்ணி வுடுவான். புடிச்சு வச்சிட்டு ரெண்டு மணிக்கு வந்துர்றேன். நல்லா ஆறட்டும். அதுவரிக்கும் யாரும் கைய வைக்காதீங்க" என்று சொல்லி மொபெட்டில் கிளம்பினார். சொன்னது எல்லோருக்கும், பார்த்தது பாஸ்கரை. என்னையும் ஒரு பார்வை பார்த்திருக்கலாம்.

இங்கே சுருக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பவுடரை அச்சில் அழுத்தி எடுக்கும் பச்சை வளையம், சுட்ட பிறகு ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அறுபது மில்லிமீட்டர் வளையம் வேண்டுமானால் எழுபத்திரண்டுக்குச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டால் தப்பு வரும் என்று இவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்கேலையே இழுத்து நீட்டிச் செய்துவிடுவது. அந்த ஸ்கேலில் அறுபது என்று போட்டிருக்கும் இடம் நிஜத்தில் எழுபத்திரண்டு. பச்சை வளையத்தை அதில் அளந்து அறுபது வந்தால் சரி. பட்டறையில் அதன் பெயர் பொய் ஸ்கேல். சாதாரண ஸ்கேல், மெய் ஸ்கேல். இரண்டும் எஃகு, ஒரே பளபளப்பு. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலொழிய வித்தியாசம் தெரியாது. அதனால் பொய் ஸ்கேலின் ஓட்டையில் சிவப்பு நூல் கட்டியிருக்கும்.

இதெல்லாம் எனக்கு இரண்டு மணிக்கு மேல்தான் தெரியும்.

12.45. நூலகக் குறிப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, தனக்கா சொன்னதை வைத்து ஓர் அட்டவணை போடலாம் என்று உட்கார்ந்தேன். வகை, குணம், பயன் என்று மூன்று கட்டம். கோடு போட ஸ்கேல் வேண்டும். ஆணியில் இரண்டு தொங்கின, இரண்டையும் எடுத்துவந்தேன். ஒன்றில் நல்ல முறுக்கான சிவப்பு நூல். அறுந்த நாடாவுக்கு அது ஆண்டவன் அனுப்பியது போல இருந்தது. அவிழ்த்து ஃபைலைக் கட்டினேன். நூல் இழந்த ஸ்கேலை ஒழுங்காகத் திரும்ப ஆணியில் மாட்டினேன். வீட்டில் எந்தப் பொருளையும் எடுத்த இடத்தில் வைக்காதவன் என்ற பழி எனக்குண்டு. அன்று வைத்தேன்.

1.25. பாஸ்கர் பொறுக்க முடியாமல் ஒரு வளையத்தைக் கையில் எடுத்தான். துல்லியமாக அளக்கும் வெர்னியர் கருவி பட்டறையில் இல்லை. அது சரியாக அளக்கிறது என்று சான்றிதழ் வாங்கி வரும்படி அந்தக் கம்பெனி கேட்டதால் கிண்டிக்குப் போயிருந்தது. ஆணியில் தொங்கிய ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தான். முகம் வெளுத்தது. இன்னொன்று. இன்னொன்று. பன்னிரண்டையும் பார்த்தான்.

"அம்பது, மாமா."

"என்ன ஐம்பது?"

"அறுபது இருக்கணும். அம்பதுதான் இருக்கு. அந்தப் பவுடர்க்காரன் கழுத்தறுத்துட்டான். எக்கச்சக்கமா சுருங்கிடுச்சு."

ஆறுதல் சொன்னேன். பீங்கான் சுருங்குவது இயற்கை என்று என் குறிப்பின் நான்காம் பக்கத்தில் இருந்ததைப் படித்தும் காட்டினேன். அவன் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வெயிலில் நின்று இரண்டு போன் பேசினான். முதலாவது கம்பெனிக்கு: இன்று வரவில்லை, மன்னிக்கணும் சார். இரண்டாவது கட்டில் கடைக்கு. திரும்பி வந்து சுழலும் நாற்காலியில் உட்கார்ந்தான். அது சுழலவில்லை.

2.10. தனக்கா நனைந்த முந்தானையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒரு வளையத்தை எடுத்து அதன் துவாரத்துக்குள் நடு விரல்கள் மூன்றையும் சேர்த்து விட்டார். நுழைந்தன.

"அம்பதா இருந்தா ரெண்டு வெரலுதான் போவும். மூணு போவுதே. எத்தால அளந்தீங்க?"

பாஸ்கர் ஸ்கேலைக் காட்டினான். அவர் வாங்கி, ஓட்டையைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்துவந்த கண் என் மடியில் வந்து நின்றது. மடியில் ஃபைல். ஃபைலைச் சுற்றிச் சிவப்பு நூல், அழகான முடிச்சோடு.

"இன்னா சார் இது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையான படிப்பு எனக்கு இல்லை.

மெய் ஸ்கேல் என் அட்டவணைக்கு அடியில் கிடந்தது. தனக்கா இழுத்து எடுத்து வளையத்தில் வைத்தார். அறுபது. அடுத்தது அறுபது. பன்னிரண்டும் அறுபதைச் சுற்றித்தான்.

"மாமா!" என்றான் பாஸ்கர். அந்த ஒரு சொல்லில் என் கல்யாணத்தன்று தொடங்கி அவன் சொல்லாமல் விட்டது அனைத்தும் இருந்தது.

"அவர அப்பறம் திட்டிக்கலாம். அம்பதுக்கும் அறுவதுக்கும் கண்ணால பாத்தே தெரியாதா உங்களுக்கு? வண்டியப் புடிங்க. மணி ரெண்டே கால்" என்றார் தனக்கா.

"வரலைன்னு சொல்லிட்டேனே, தனக்கா."

"நீங்கதான சொன்னீங்க? நான் சொல்லலியே."

2.40. கூட்டு ரோட்டில் கிடைத்தது காலையில் வந்த அதே ஷேர் ஆட்டோ. ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், மொத்த வண்டிக்கு நூற்றிருபது ரூபாய். டிரைவர் என்னைப் பார்த்து மகிழ்ந்தார். "ப்ளாட் புடிச்சிச்சா சார்?"

வைக்கோல் போட்ட பெட்டி தனக்காவின் மடியில். குலுங்கக் குலுங்க ஒவ்வொரு வளையமாகத் தூக்கி, பத்து ரூபாய் நோட்டு மடித்து வைத்திருந்த சில்லறைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிக் காதில் கேட்டுக்கொண்டே வந்தார். லாரிச் சத்தத்துக்கு நடுவே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பதாவதை இரண்டு முறை தட்டினார். என்னிடம் நீட்டினார்.

"இது வேணாம். டொக்குங்குது. உள்ள எங்கயோ விரிசல் வுட்டுக்கினு கீது. நீங்க வச்சிக்குங்க."

பொருத்தமான ஆளிடம்தான் கொடுத்தார். வழியில் லாரி ஒன்று குறுக்கே மல்லாந்து கிடந்ததில் முக்கால் மணி நேரம் போயிற்று.

3.50, கம்பெனி வாசல். வாசலில் செக்யூரிட்டி ரிஜிஸ்டரைப் பார்த்து, உங்கள் பேரை அடித்தாயிற்று என்றார். பாஸ்கர் நாலு பக்கமும் போன் செய்து கெஞ்சியதில் பரிசோதனை ஆபீசர் வெளியே வந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். பெயர் இசக்கிமுத்து. முப்பது வயதிருக்கும், மூன்று ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவர் போல முகம்.

"என்னண்ணே, ஒன்றரை மணிக்கு வரலன்னு சொன்னிய. இப்ப வந்து நிக்கிய. நான் ரிப்போர்ட்டுல மாதிரி வரலன்னு எழுதிட்டம்லா?"

பாஸ்கர் பவுடர், வெர்னியர், கிண்டி என்று எல்லாவற்றையும் கலந்து சொன்னான். ஆபீசர் முகம் மேலும் களைத்தது. தனக்கா குறுக்கே வந்தார்.

"சார், சுட்ட பீஸ பொய் ஸ்கேல்ல அளந்துட்டாரு. நூல இந்த சாரு எட்த்துட்டாரு. அவ்ளோதான்."

நான் ஃபைலை உயர்த்திக் காட்டினேன். நீதிமன்றத்தில் சான்றுப் பொருள் காட்டுவது போல.

இசக்கிமுத்து நூலைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். முதன்முறையாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. "நீங்க யாரு? இவுக கம்பெனியில என்னவா இருக்கிய?"

"கையேடு எழுதுகிறேன்."

"நல்லா எழுதுனிய." திரும்பித் தனக்காவிடம், "யக்கா, நாலு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கு. வாங்க. ஒண்ணு தேறலன்னாலும் நான் எழுதுனது எழுதுனதுதான்" என்றார்.

4.00. பரிசோதனை அறையில் ஏ.சி. இருந்தது; அந்த நாளின் ஒரே நல்ல காற்று. பதினொரு வளையங்களும் சிவப்பு மைத் தொட்டிக்குள் போயின. எடுத்து, கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசல் இருந்தால் மை அதற்குள் போய் ஒளிந்துகொண்டு கோடாகத் தெரியும். எதிலும் கோடு இல்லை. பிறகு ஓர் இரும்பு அளவு: அதன் ஒரு வாய்க்குள் வளையம் நுழைய வேண்டும், அடுத்த வாய்க்குள் நுழையக் கூடாது. ஒவ்வொரு முறையும் பாஸ்கர் என் தோளைப் பிடித்துக்கொண்டான், பாசத்தால் அல்ல. பதினொன்றும் நுழைய வேண்டிய இடத்தில் நுழைந்தன, நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. தனக்கா மட்டும் அளவைப் பார்க்கவில்லை. ஆபீசரின் மேஜையில் கிடந்த ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இசக்கிமுத்து 'மாதிரி வரவில்லை' என்ற வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே புதிதாக எழுதினார்.

"அடுத்த மாசம் இருநூறு குடுங்க. யக்கா, நீங்களே கூட வந்துருங்க. இந்த நூல்காரரு வேண்டாம்."

5.40, மீண்டும் பட்டறை. வாசலில் ஒரு மினி லாரி. இறக்கி முடித்திருந்தார்கள். எட்டு இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள், பச்சைப் பெயின்ட் வாசனையோடு, கொட்டகையின் முன்னால் வரிசையாக நின்றன. மதியம் பாஸ்கர் பேசிய இரண்டாவது போன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். எடுத்துப் போகச் சொன்னதற்கு லாரிக்காரர், அதெல்லாம் கடையில் பேசிக்கொள்ளுங்கள் என்று கிளம்பிவிட்டார்.

தனக்கா ஒரு கட்டிலைச் சுற்றி வந்தார். மேல்தட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தார்.

"இருநூறு பச்சை வளையத்த எங்க காய வக்கிறதுன்னு வர்ற வயில நெனச்சிக்கினே வந்தேன்" என்றார். "உள்ள தூக்கிப் போடுங்க தம்பி. மேல நூறு, கீய நூறு."

பிறகு என்னிடம் கையை நீட்டினார். நூலை அவிழ்த்துக் கொடுத்தேன். பொய் ஸ்கேலின் ஓட்டையில் அதைக் கோர்த்து மூன்று முடிச்சுப் போட்டு, எதிர்ச் சுவரில் புதிதாக ஓர் ஆணி அடித்து, தனியாக மாட்டினார். என் கைக்கு எட்டாத உயரம்.

ஒரகடத்திலிருந்து தாம்பரத்துக்கு நேர் பஸ். நின்றுகொண்டே ஒரு மணி இருபது நிமிடம். பதினாறு பக்கமும் அட்டவணையும் மறுபடி மார்போடு. ஜன்னல் பக்கத்தில் ஷிப்ட் முடித்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் தூங்கிக்கொண்டு வந்தார்கள். எட்டுக் கட்டில் என்றால் பதினாறு படுக்கை. அவற்றில் இனி வளையங்கள் படுத்திருக்கும். இவர்கள் வேறெங்காவது அறை தேட வேண்டும். அதை நினைத்தபோது, நூல் எடுத்தவன் என்ற முறையில், இவர்களுக்கும் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரும் கேட்கவில்லை.

வீட்டில் மனைவி டிபன் தட்டை எடுத்துவைத்தபடி, தம்பி போன் பண்ணினான் என்றாள். சொல்ல வேண்டியதை அவனே சொல்லியிருப்பான். தள்ளுபடியான வளையத்தை, காகிதத்தின் மேல் வைக்க உதவும் என்று பையிலிருந்து எடுத்தேன். வழக்கம்போல நழுவிற்று.

உடையவில்லை. மொசைக் தரையில் ஒரு சில்லு பெயர்ந்தது.